இன்னொருதரம் அக்கா

டேப்பின் ஒரு முனைமேல் இரண்டு கிலோ எடைக்கல் உட்கார்ந்திருக்கிறது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, தரையில் விரித்த போர்வையை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து, எதிர்ப்பக்கம் போய்க் குந்தி, உதடு மட்டும் அசைய எண்ணைப் படிக்கிறார் அக்கா. எழுந்து வந்து மிஷின் பலகையில் சாக்பீஸால் எழுதுகிறார். கல்லை ஒரு முழம் தள்ளி வைத்து மறுபடியும் அதே நடை. இப்படி மூன்று இடத்தில் அளந்து மூன்று எண் எழுதியாகிவிட்டது, இனி வெட்ட வேண்டியதுதானே என்று பார்க்கிறவர்கள் மூச்சு விடுவார்கள். அவர் மூன்று எண்களையும் சந்தேகக் கேஸ் மாதிரி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்கும் இன்னொருதரம் அளந்துக்கலாம்" என்று கல்லைத் தூக்கிக்கொண்டு முதல் இடத்துக்கே போவார்.

அதனால் தெருவில் அவருக்கு 'இன்னொருதரம் அக்கா' என்றே பெயராகிவிட்டது. எதிரே இருக்கும் சைக்கிள் கடைக்காரர் வைத்த பெயர். காற்று அடிக்க வந்தவர்களிடம்கூட "வழி தெரியலையா? இன்னொருதரம் அக்கா இருக்காங்கல்ல, அந்தக் கடைக்குப் பக்கத்துச் சந்து" என்றுதான் வழி சொல்வார். அது என் கடை. நூல், பட்டன், ஊசி, எலாஸ்டிக் விற்கிறேன். போர்டில் பெரிய எழுத்தில் என் கடைப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். ஒருவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

கடைக்குப் பின்னால் ஓர் அறை. சிவப்புச் சிமெண்டுத் தரை, சந்துப் பக்கம் ஒரு ஜன்னல், ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு மேஜை, நாற்காலி இரண்டு. அளக்கும்போது நாற்காலிகளைத் தூக்கி மேஜைமேல் கவிழ்த்துவிடுவார். பதினோரு வருடமாக அந்த அறையில் அவர் ஒரே வேலையைத்தான் செய்கிறார். ஒட்டுத்துணிப் போர்வைகளுக்குக் கரை வைப்பது. வீடுகளில் பெண்கள் துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, போர்வையின் மேல்பக்கத்தைப் பாடுபட்டு முடித்துவிடுவார்கள். நாலு பக்கமும் அகலமாக ஒரு கரை வைத்தால்தான் அது போர்வை போலத் தெரியும். அந்த இடத்தில்தான் எல்லாரும் தயங்குவார்கள். பத்து மாதம் தைத்ததைப் பத்து நிமிடத்தில் கெடுத்துவிடுகிற இடம் அது. சுருட்டிக் கட்டி எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்துவிடுவார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். ஓரத்தின் நீளம் இவ்வளவு, வீட்டிலேயே அளந்துவிட்டோம், அந்த அளவுக்கு ஒரு பார்டர் வைத்துக் கொடுத்தால் போதும் என்பார்கள். அக்கா அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்கவே மாட்டார். "ஓரத்தைக் கேக்காதீங்க. அது கைபட்டுக் கைபட்டு இழுபட்டிருக்கும். நடுவைக் கேளுங்க" என்பார். போர்வையின் நடுவில் ஓர் அளவு, நடுவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்த அளவுக்குத்தான் கரைத்துணியை வெட்டுவார். ஓரம் அதைவிட ஓர் அங்குலம் நீண்டிருந்தால், அந்த ஓர் அங்குலத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் கரைக்குள் அடக்கித் தைப்பார். அப்போதுதான் போர்வை தரையில் படுக்கும்.

அளக்கும்போது பேசக் கூடாது. பேசினால் திட்டமாட்டார், சண்டை போடமாட்டார், முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குத் திட்டே தேவலை. பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு அறை முழுக்கப் பென்சிலைத் தேடுவார். டீ வாங்கி வைத்தால் ஆறி ஆடை கட்டிய பிறகுதான் ஞாபகம் வந்து, தண்ணீர் குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்துவிட்டு "சூடா இருந்துச்சு" என்பார். என் கடையிலிருந்து புது டேப் எடுத்தால், ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்து, ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, வித்தியாசம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படித் திரும்பி வந்த டேப்புகளை நான் மற்ற தையல்காரர்களுக்கு விற்றுவிடுகிறேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்கப் போன கதையை யார் கிடைத்தாலும் சொல்வார். எல்லாரும் பெண் வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் பெண் நிமிர்ந்து, மாப்பிள்ளைக்கு இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது, சட்டையை அதற்குத் தகுந்த மாதிரி தைக்கச் சொல்லுங்கள் என்றாளாம். "அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே எதையும் மறைச்சுப் பிரயோஜனம் இல்லைன்னு" என்று அவர் முடிக்கும்போது, அக்கா ஊசியில் நூல் கோத்தபடி, "அரை இல்லை, கால்" என்று திருத்துவார்.

இப்படிப்பட்டவர் டேப்பின் இன்னொரு முனையை யாரிடமாவது கொடுப்பாரா? பதினோரு வருடத்தில் கொடுத்ததில்லை. ஆரம்பத்தில் நானே இரண்டு மூன்று முறை பிடிக்கப் போனேன். "வேண்டாங்க. மனுஷங்க கை இழுக்கும். கல்லு இழுக்காது" என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. நான் அவசரக்காரி. எலாஸ்டிக்கை மூக்கிலிருந்து கைநீளம் இழுத்து ஒரு மீட்டர் என்று கொடுக்கிற ஆள். அவர் சொன்னது நியாயம்தான் என்று அப்போதே தெரிந்தும், ஒரு கல்லைவிடக் கேவலமாகப் போய்விட்டோமே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் சொல்லப்போவது என் வாயால் நானே சொல்லியாக வேண்டிய சங்கதி.

போன மாதம் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு மூன்று வருடமாகப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது. பாதிப் பார்வை இருந்தபோது ஆரம்பித்த போர்வையைத் தடவித் தடவியே முடித்திருக்கிறார். சதுரம் வெட்டுவதற்கு, கணவரின் பழைய லாரி நம்பர் பலகைத் தகரத்தில் ஒரு சதுரம் அறுத்து வைத்திருந்தார். அதன் விளிம்பில் விரலை ஓட்டி, விரலைத் தொட்டாற்போலக் கத்தரி போகுமாம். ஒரே மகளுக்கு வெகு தூரத்து ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். கரை மட்டும் வைத்து வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கொடுத்தால், பஞ்சும் அடித்துணியும் வைத்து, மூன்றும் நகராமல் நூலால் முடிச்சுப் போடுவதை வீட்டிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாம் பேசி முடித்த பிறகும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. போர்வையின் ஒரு மூலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லிடுங்க. இது நேரா இருக்கா, கோணலா? கோணல்னா மக கையில குடுக்க மாட்டேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, நல்லாயிருக்கும்மான்னு போத்திக்குவா. ஆனா அதுக்கப்புறம் எனக்கு ஊசியைத் தொட மனசு வராது."

கணவர் குறுக்கே புகுந்து, நான் நூறுதரம் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டேன், நம்பமாட்டேன் என்கிறாள் என்றார். இருபத்தாறு வருடமாக நான் சமைத்ததையெல்லாம் நல்லாயிருக்கு என்று சொன்ன வாய்தானே அது என்று அந்த அம்மா கேட்டார். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணே, அருமையாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று வாய் நிறையச் சொல்லி அனுப்பியிருப்பேன். அக்கா சொல்லவில்லை. "அளந்துட்டுச் சொல்றேன்மா. வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார். இவ்வளவு கல்நெஞ்சா என்று எனக்கு வந்தது. அந்த அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது போலிருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் மூலையை விட்டுவிட்டு எழுந்தார்.

கையில் இருந்த மற்ற வேலைகளை முடித்து, வியாழக்கிழமை இதை எடுப்பதாக அக்கா வைத்திருந்தார். வியாழன் காலையில் அவர் வரவில்லை, வீட்டுக்காரர்தான் வந்தார். கடவாய்ப்பல் வலி கிளம்பி முகமே வீங்கிவிட்டதாம், பிடுங்கப் போகிறார்களாம், நாளைக் காலை வந்து முடித்துவிடுவாளாம். சொல்லிவிட்டு வேனில் பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று ஓடிவிட்டார்.

மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பல் பிடுங்கின மனுஷி நாளைக்குக் குந்தி எழுந்து எப்படி அளப்பார் என்று பாவமாக இருந்தது. உள்ளே போய்ப் போர்வையைப் பார்த்தேன். பக்கத்திலேயே அந்த அம்மா கொண்டுவந்த கருநீலக் கரைத்துணி. பதினோரு வருடம் பார்த்தவளுக்கு இது தெரியாதா, அக்கா வரும்போது முடித்து வைத்துவிட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். உதவி என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உள்ளுக்குள் ஒரு மிடுக்கும் இருந்தது. கல்லைவிட நான் ஒன்றும் மட்டமில்லை என்று காட்ட வேண்டும்.

அளக்கிற பொறுமை எனக்கு ஏது? கருநீலத் துணியைப் பட்டையாகக் கிழித்து, ஒரு முனையைப் போர்வையின் மூலையில் வைத்து, ஓரத்தோடு ஓரமாக மிஷினில் ஓட்டிக்கொண்டே போனேன். மறுமூலை வந்ததும் மிச்சத்தைக் கத்தரித்தேன். அடடா, இவ்வளவுதானா, இதற்கா இவர் அரைநாள் நடக்கிறார் என்று சிரிப்புகூட வந்தது. இரண்டாவது பக்கமும் அப்படியே. மேல் ஓரத்துக்குப் பட்டை வெட்டுவதற்கு முன், எப்படி வந்திருக்கிறது பார்ப்போம் என்று தரையில் விரித்தேன்.

விரித்தால் படுக்கவில்லை. நடு படுக்கிறது, கரை எழுந்து நிற்கிறது. இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் கிளம்புகிறது. சின்னப் பிள்ளை கவுனுக்கு வைத்த சுருக்கம் மாதிரி நெளிநெளியாக இரண்டு பக்கமும். இஸ்திரி போட்டால் சரியாகும் என்று போட்டேன். இஸ்திரி போட்ட நெளியாக ஆனது, அவ்வளவுதான். நாளை நாலு மணிக்கு அந்த அம்மா வந்து இந்த ஓரத்தைத் தடவுவார். தடவினால் என்ன நினைப்பார்? கடைக்காரி கெடுத்தாள் என்றா? தன் தையல் கோணல் என்றுதான் நினைப்பார். பிரிக்கலாம் என்று உட்கார்ந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரிக்கிறேன் என்று கிழித்துத் தொலைத்துவிடுவேனோ என்று பயந்து அப்படியே மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அக்கா வந்தார். ஒரு கன்னம் உப்பி, வாயில் பஞ்சு. நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, உதவலாம் என்று பார்த்தேன், மிஷின் இழுத்துவிட்டது, துணியும் ஒருமாதிரித் துணி என்று அடுக்கிக்கொண்டே பின்னால் போனேன். அவர் போர்வையை உதறித் தரையில் விரித்தார். இடுப்பில் கைவைத்து நின்று, நெளிந்து நிற்கும் கரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். பஞ்சால் பேச முடியவில்லை என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

குந்தி, கரையின் ஒரு முனையைத் தூக்கி அதன் நீளத்தைக் கண்ணாலேயே ஓட்டிவிட்டு, பஞ்சை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு பேசினார்.

"நல்லவேளை, நீளமா வெட்டியிருக்கீங்க. நீளம்னா குறைச்சுக்கலாம். நடுவுல கை வைக்கலையே?"

வைக்கவில்லை என்றேன். அப்படியானால் நேரம் இருக்கிறது என்றார். திட்டு வரும் வரும் என்று காத்திருந்த எனக்கு, வந்தது ஒரு சின்னக் கத்தரி. நாலு தையலுக்கு ஒரு தையல் வெட்டிக்கொண்டே போக வேண்டும், இழுக்கக் கூடாது, பிறகு மறுபக்க நூலைப் பிடித்தால் தானாக வந்துவிடும் என்றார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். பதினோரு வருடத்தில் அந்த அறைத் தரையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. கடையில் இரண்டு மூன்று பேர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

பிரித்து முடித்தபோது பதினொன்றரை. நான் ஓட்டிய ஓட்டத்தில் போர்வையின் ஓரம் மேலும் இழுபட்டிருந்தது. ஈரத்துணியைப் போட்டு, பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்தார். இழுபட்ட துணி ஆவியில் மெல்லத் தன் இடத்துக்குத் திரும்புவதை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் கல் வந்தது, டேப் வந்தது. நடுவில் எத்தனை அங்குலம் என்று அளந்தார். எண்பத்திரண்டு. இந்தப் பக்கம், எண்பத்திரண்டு. அந்தப் பக்கமும் எண்பத்திரண்டு, ஒரு நூல் கம்மி. பலகையில் எழுதிய மூன்று எண்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் ஓடுகிறது, இன்றைக்காவது விடுவார் என்று பார்த்தால், "இன்னொருதரம்" என்று கல்லைத் தூக்கினார். அந்த மூன்று எண்ணும்தான் மறுபடியும் வந்தன. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கண்ணு தெரியாம இதை எப்படிங்க தச்சாங்க?" என்று என்னைக் கேட்டார். நான் பிரித்த நூல்களைத் தரையிலிருந்து பொறுக்க ஆரம்பித்தேன்.

நான் வெட்டிய பட்டைகளை எண்பத்திரண்டுக்குக் குறைத்தார். கரையையும் ஓரத்தையும் பாதியாக மடித்து, பாதியைப் பாதியாக மடித்து, அந்தந்த இடத்தில் குண்டூசியால் சேர்த்தார். குண்டூசிகளை எப்போதும் உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொள்வார். அன்று உதடு ஒத்துழைக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். நீளமான பக்கம் அடியில் இருக்க வேண்டும், மிச்சத் துணியை மிஷின் பல் மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே தைத்தார். என் பழைய தையலுக்கு ஒரு நூல் உள்ளே தள்ளியே போனது அவர் தையல். நீளவாக்கில் இரண்டு பக்கம் முடிந்ததும், கரையோடு சேர்த்து அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் கரை வைத்தார். மாத்திரை போட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று நான் இரண்டு முறை சொன்னேன். காதில் வாங்கவில்லை. மூன்றே முக்காலுக்குத் தரையில் விரித்தார். போர்வை படுத்தது. நாலு மூலையும் தரையோடு தரையாகப் படுத்தது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தரையில் உட்கார்ந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து மூலையில் வைத்தார். கை புறப்பட்டது. உள்ளங்கையை வைத்து அழுத்தாமல், விரல் நுனியால், கரையின் மேல்பக்கம் ஒரு விரல், அடிப்பக்கம் ஒரு விரல். ஒரு பக்கம் முடித்து, மூலை திரும்பி, அடுத்த பக்கம். மூன்றாவது பக்கத்தின் நடுவில் கை நின்றது. அடிப்பக்கத்தில் எதையோ நிரடி, நகத்தால் கிள்ளி வெளியே இழுத்தார். ஒரு துண்டு நூல். அரை அங்குலம்கூட இருக்காது. நான் பிரித்த பக்கம் அது.

"இங்க ஒருதரம் தச்சுப் பிரிச்சிருக்கு." அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "என் துணி கோணலா வந்திருந்துச்சாக்கா? அதான் பிரிச்சுத் தச்சீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்று சத்தியமாகச் சொல்கிறேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"இல்லம்மா. அளவை நான்தான் தப்பா எடுத்துட்டேன். பல்லு வலி. உங்க துணி மேல ஒரு தப்பும் இல்லை. மூணு இடத்துலயும் எண்பத்திரண்டு. ரெண்டுதரம் அளந்தேன்."

"மூணு இடத்துலயுமா?"

"மூணு இடத்துலயும். ஒரு இடத்துல ஒரு நூல் கம்மி. அந்த ஒரு நூல் எனக்கும் வரும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த ஒரு நூலை விழுங்கியிருப்பார்கள். அந்த ஒரு நூலைச் சொன்னதால்தான் அந்த அம்மா மற்றதையெல்லாம் நம்பினார் என்று நினைக்கிறேன். போர்வையின் நடுவில் கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, வீட்டில் மிச்சத் துணி எவ்வளவு இருக்கிறது, ஒரு சின்னப் போர்வைக்கு வருமா என்று கேட்டார். அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வரும் வரும் என்று இரண்டு முறை சொன்னார்.

இதற்குமேல் தாங்காமல் நான் மறுபடியும் "அது வந்தும்மா" என்று ஆரம்பித்தேன். அக்கா என்னைப் பார்க்காமலே, கடையில் யாரோ வந்து நிற்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சைக்கிள் கடைக்காரர்தான் எதிரே டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். நான் வெறும் கல்லாவுக்கு முன்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

டிரைவர் போகிற வழியில் பைக்குக்குக் காற்று அடிக்க எதிர் சைக்கிள் கடையில் நின்று, பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார் போல. மறுநாளே தெரு முழுக்கப் பரவிவிட்டது. இன்னொருதரம் அக்காவே தப்பாக அளந்துவிட்டார்களாமே! சைக்கிள் கடைக்காரர் காலையில் அவரைப் பார்த்ததும், "என்னக்கா, பேரை மாத்திடலாமா?" என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லாரும் போர்வையைக் கொடுக்கும்போது, பல் சரியாகிவிட்டதா, இப்போது அளக்கலாமா என்று ஒரு கிண்டல் வைத்துவிட்டுத்தான் போனார்கள். பதினோரு வருடம் ஒரு நூல் பிசகாமல் சேர்த்த பெயர். அவர் எல்லாருக்கும் உப்பிய கன்னத்தோடு சிரித்துவைத்தார். எனக்குத்தான் ஒவ்வொரு சிரிப்புக்கும் சுரீர் சுரீர் என்றது.

ஒரு வாரம் பொறுத்து, உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன, எதற்காக என் தப்பைத் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார். கொண்டையில் இருக்கிறது என்றேன்.

"நீங்க தச்சீங்கன்னா, எதுக்குத் தச்சீங்க, நான் எங்க போனேன்னு கதை நீண்டுக்கிட்டே போகும். அதைக் கேக்கவா அவங்க வந்தாங்க? அவங்க ஒண்ணைத்தான் கேட்டாங்க, நேரா இருக்கா, கோணலான்னு." பென்சிலை உருவிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதோட, நீங்க கெடுக்கணும்னா தச்சீங்க? நான் வலியோட குந்தக் கூடாதுன்னுதானே?"

மிடுக்கைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன். நன்றி என்ற வார்த்தையும் இதுவரை என் வாயில் வந்ததில்லை. பதினோரு வருடமாக டீயை வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்த டேப்பைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டு, பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். அக்கா, நன்றி. அந்த டிரைவர் வீட்டம்மாவுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டினால், அவருக்கும் ஒரு வார்த்தை. அந்த நூல் துண்டு என்னுடையது அம்மா. அக்கா அளவில் தவறவில்லை. உங்கள் எண்பத்திரண்டு அன்றைக்குச் சொன்ன மாதிரியேதான், ஒரு இடத்தில் ஒரு நூல் கம்மி.

நேற்று ஒரு பெரிய போர்வை வந்தது. இரட்டைக் கட்டில் அளவு, அறைத் தரை முழுக்க அடைத்துக்கொண்டது. நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு, அக்கா கழுத்திலிருந்து டேப்பை உருவினார். நான் டீயை வைத்துவிட்டு, பேசினால் முதலிலிருந்து ஆரம்பிப்பாரே என்று வாயை மூடிக்கொண்டு கதவோரம் நின்றேன். எடைக்கல் வழக்கமான இடத்தில் இருந்தது. அவர் அதைக் காலால் சுவரோரமாக ஒதுக்கிவிட்டு, கண்ணைப் போர்வையிலிருந்து எடுக்காமலே, டேப்பின் முனையை என் பக்கம் நீட்டினார்.